வெரிகோஸ் வெயின்: ஊசித்துளை வழியே செய்யும் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவர்கள், பரோட்டா மாஸ்டர்கள், போக்குவரத்துக் காவலர்கள், ஆசிரியர்கள், இரண்டு மூன்று பிள்ளை பெற்ற அம்மாக்கள். நான் வேலை பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) அறைக்கு வருபவர்களில் இவர்கள்தான் அதிகம். எல்லோரும் முதலில் தொட்டுக் காட்டுவது கெண்டைக்காலில் புடைத்து நெளிந்திருக்கும் முடிச்சைத்தான். "இதை மட்டும் எடுத்துட்டா போதுமா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலானவர்களுக்குப் போதாது. கோளாறு தொடங்கிய இடம் அந்த முடிச்சுக்கு வெகுதூரம் மேலே, தொடை இடுக்கில் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, அதை எப்படி மூடுகிறார்கள், மூடியபின் என்ன செய்ய வேண்டும் என்பது வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

காலுக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது தசை இறுகி உள்ளே இருக்கும் சிரைகளை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், ஆங்கிலத்தில் வெயின்) பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. தசை தளரும்போது ரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் மெல்லிய வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். கொஞ்ச தூரம் நடந்தாலே அது 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அந்த அளவுக்கு இறங்காது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்காமல் நிற்கும் இந்த அழுத்தம்தான் வீக்கம், அரிப்பு, தோல் கறுப்பது, கடைசியில் ஆறாத புண் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறது.

காலில் இரண்டு அடுக்குச் சிரைகள் உண்டு. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுபவை சுமார் பத்தில் ஒன்பது பங்கு ரத்தத்தைச் சுமக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடுபவை மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. மேலடுக்கில் முக்கியமானது பெரிய சஃபீனஸ் சிரை. உள் கணுக்காலுக்கு முன்னால் தொடங்கி, முழங்கால், தொடை ஆகியவற்றின் உள்பக்கமாக ஏறி, தொடை இடுக்கில் ஆழச் சிரையோடு சேர்கிறது. சேருமிடத்தில் இருக்கும் வால்வு கெட்டால் ஆழச் சிரையின் ரத்தம் மேலடுக்குக்குள் கொட்டுகிறது. கீழே இருக்கும் கிளைகள் அந்தப் பாரம் தாங்காமல் விரிந்து சுருண்டுபோகின்றன. கெண்டைக்காலில் தெரிவது அந்தக் கிளைகள்தான். அவற்றை மட்டும் எடுப்பது, தலைமடை உடைந்திருக்கும்போது கடைமடை வயலில் நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

"அந்தச் சிரையை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்று பயப்படாதவர்கள் இல்லை. ஏற்கெனவே தப்பான திசையில் ஓடிக்கொண்டிருக்கும் குழாயைத்தான் மூடுகிறோம். ரத்தம் ஆழச் சிரை வழியாகவும் நல்ல கிளைகள் வழியாகவும் தாராளமாக ஏறிவிடும். பின்னாளில் இதயத்துக்கு பைபாஸ் தேவைப்பட்டால் இந்தச் சிரை உதவுமே என்ற கவலையும் சிலருக்கு உண்டு. விரிந்து நெளிந்துபோன சிரை அதற்குப் பெரும்பாலும் உதவாது. நல்ல நிலையில் இருக்கும் சிரையை யாரும் மூடச் சொல்லவும் கூடாது. அப்படிச் சொன்னால் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள்.

2. உங்கள் கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

மருத்துவர்கள் சி0 முதல் சி6 வரை ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். 1994-ல் ஹவாயில் கூடிய நிபுணர்கள் வகுத்தது, 2020-ல் கடைசியாகத் திருத்தப்பட்டது. உங்கள் அறிக்கையிலும் இந்த எண் இருக்கும். சி1 என்றால் சிலந்தி வலை போன்ற நுண்சிரைகள், அழகுப் பிரச்சினை மட்டும். சி2 என்றால் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் புடைத்த வெரிகோஸ் சிரைகள். சி3 வந்தால் வீக்கம். சி4 என்பது தோல் மாறும் கட்டம். கணுக்காலைச் சுற்றிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆகி, சொறிந்து சொறிந்து எக்சிமா வந்து, முற்றினால் தோல் மரக்கட்டைபோல் இறுகிவிடும். சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சி4 பற்றித்தான். புடைப்பு தெரியாமலேயே பலர் இந்தக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள், குறிப்பாகக் கொஞ்சம் உடம்பு உள்ளவர்கள். கணுக்கால் கறுத்திருப்பதைத் தோல் வியாதி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கக் கணுக்காலின் உள்புறம் கறுத்து அரித்தால், சாயங்காலம் கனத்து வீங்கினால், களிம்போடு சேர்த்து ஒரு டாப்ளரும் எடுத்துவிடுங்கள்.

வீங்கிய கால் எல்லாம் சிரை நோயும் ஆகாது. இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் சாப்பிடும் மருந்தைப் பாருங்கள். ரத்தக்கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் பலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும். இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் இரு கால்களையும் வீங்கவைக்கும். பாதத்தின் மேல்புறமும் விரல்களும் சேர்ந்து வீங்கி, இரண்டாம் விரலின் அடித் தோலைக் கிள்ளித் தூக்க முடியாமல் இருந்தால் அது நிணநீர் வீக்கம். யானைக்கால் பரவியிருந்த மாவட்டங்களில் இதை முதலில் யோசிக்க வேண்டும். உள்ளங்காலில் புண் என்றால் சர்க்கரை நோய்ப் பாதமாக இருக்கும். விரல் நுனி கறுத்து, நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விடுகிறது என்றால் அது தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு. அது வேறு அவசரம்.

இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் போகிற விஷயம். கணுக்கால் பக்கத்தில் தோல் மெலிந்து, நீலக் கொப்புளம் போலத் தெரியும் சிரை, குளிக்கும்போது லேசாக உரசினாலே உடைந்து பீய்ச்சும். வலி இருக்காது, ரத்தம் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். பதறி எழுந்து ஓடாதீர்கள், நாற்காலியில் உட்காரவும் வேண்டாம். உடனே தரையில் படுத்து, காலை சுவரிலோ நாற்காலியிலோ உயரத் தூக்கி, சுத்தமான துணியை மடித்து அந்த இடத்தின் மேலேயே விரலால் விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்துங்கள். தொடையில் கயிறு கட்ட வேண்டாம், அது சிரையை இன்னும் புடைக்கவைக்கும். ரத்தம் நின்றபின் மருத்துவமனைக்குப் போங்கள், நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். ஒருமுறை இப்படி உடைந்த சிரை மறுபடியும் உடையும்; அப்படிப்பட்டவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

3. டாப்ளர் ஸ்கேன்: எல்லாம் இதைப் பொறுத்துத்தான்

லேசரா, வேறு முறையா என்பதைவிட, யார் ஸ்கேன் செய்தார்கள், எவ்வளவு நேரம் செய்தார்கள் என்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரைபடம் தவறினால் எந்தக் கருவியும் சரியான சிரைக்குப் போகாது.

நல்ல ஸ்கேனை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளலாம். உங்களை நிற்கவைத்துத்தான் செய்வார்கள். படுத்திருக்கும் காலில் ரத்தம் கீழே கொட்டாது, கசிவு தெரியாமல் போகும். சோதிக்கும் காலைத் தளர்த்தி, பாரத்தை மற்றக் காலில் போடச் சொல்வார்கள். தொடை இடுக்கில் புரோபை (ஸ்கேன் கருவியின் கையில் பிடிக்கும் முனை) வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கெண்டைக்காலைப் பிழிந்து விடுவார்கள். பிழியும்போது திரையில் ரத்தம் மேல்நோக்கிப் போவது ஒரு நிறத்தில் தெரியும். கையை விட்டதும் நல்ல சிரையில் நிறம் அப்படியே அணைந்துவிடும். கெட்ட சிரையில் எதிர் நிறம் பாய்ந்து வரும், ஒலிபெருக்கியில் உஸ்ஸென்ற சத்தம் நீளும். அரை விநாடிக்கு மேல் அந்தச் சத்தம் நீடித்தால் மேலடுக்குச் சிரையில் கசிவு என்று குறிப்போம். தொடையின் பெரிய ஆழச் சிரைகளுக்கு ஒரு விநாடி கணக்கு. பல பேருக்கு நாலைந்து விநாடி ஓடும். காலுக்கு என்ன ஆகிறது என்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கவே தேவையில்லை.

அறிக்கையில் சில விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: ஆழச் சிரையில் பழைய அல்லது புதிய ரத்தக்கட்டி இருக்கிறதா, எந்தச் சிரை எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை கசிகிறது, அதன் விட்டம் எத்தனை மி.மீ., புண்ணுக்கு அடியில் துளைச்சிரை ஏதாவது கெட்டிருக்கிறதா. துளைச்சிரை என்பது மேலடுக்கையும் ஆழத்தையும் இணைக்கும் குறுக்குச் சிரை. அது 3.5 மி.மீ. அளவுக்கு விரிந்து, அரை விநாடிக்குக் குறையாமல் வெளிநோக்கிக் கசிந்து, புண்ணுக்கோ ஆறிய தழும்புக்கோ நேர் அடியில் இருந்தால்தான் தனியாக மூட வேண்டும். கண்ணில் பட்ட துளைச்சிரையையெல்லாம் மூடத் தேவையில்லை. "வெரிகோஸ் வெயின் இருக்கிறது" என்று ஒற்றை வரியில் வந்த அறிக்கையை வைத்துக்கொண்டு சிகிச்சைக்கு நாள் குறிக்காதீர்கள்.

இடது கால் முழுவதும், தொடை உட்பட, வீங்கியிருந்தாலோ, அடிவயிற்றுத் தோலில் சிரைகள் புடைத்திருந்தாலோ இடுப்புக்குள் இருக்கும் சிரையையும் பார்க்க வேண்டும். இடுப்புக்குள் வலது தமனி இடது சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவது சிலருக்கு உண்டு. 1957-ல் இதை விவரித்த இருவரின் பெயரால் மே-தர்னர் நிலை என்கிறார்கள். அப்படியானால் காலில் செய்யும் சிகிச்சை மட்டும் பலன் தராது. அடைப்பு மோசமாக இருந்தால் ஸ்டென்ட் (சிரையை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைக்க வேண்டியிருக்கும்.

யாரைப் பார்ப்பது? ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரை. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. சிரை சிகிச்சையில் பயிற்சி பெற்ற பொது அறுவை நிபுணர்களும், இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்களும் (ஸ்கேன் பார்த்தபடி ஊசித்துளை வழியே சிகிச்சை செய்பவர்கள்) செய்கிறார்கள்.

4. இப்போதே செய்ய வேண்டுமா?

சி1 மட்டும் இருந்து தொந்தரவு ஏதும் இல்லையென்றால் அவசரமில்லை. விளம்பரம் பார்த்துவிட்டு ஓட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இப்போது வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் நிறைய சுருங்கிவிடும். அதன்பின் மறுபடி ஸ்கேன் செய்து முடிவெடுக்கலாம். ஆழச் சிரையில் புதிய ரத்தக்கட்டி இருந்தால் அதற்குத்தான் முதல் வைத்தியம்.

கனம், வலி, வீக்கம் உள்ள சி2, சி3 காரர்களுக்கு, ஸ்கேனிலும் கசிவு தெரிந்தால், சிகிச்சை நல்ல பலன் தரும். ஆனால் யோசித்து, பணம் ஏற்பாடு செய்துகொண்டு செய்ய நேரமிருக்கிறது. அதுவரை ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் உறை), நடை, எடைக் குறைப்பு, ராத்திரி காலை உயர்த்தி வைத்துத் தூங்குவது என்று சமாளிக்கலாம். டயாஸ்மின், ஹெஸ்பெரிடின் மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும், கெட்ட வால்வைச் சரிசெய்யாது. தோல் மாறத் தொடங்கிய சி4 முதல், சிரை உடைந்து ரத்தம் கொட்டியவர்கள், புண் வந்தவர்கள் ஆகியோர் தள்ளிப்போடக் கூடாது.

நின்றே வேலை பார்க்கும் கடை ஊழியர்களுக்கு ஒரு விஷயம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. சிகிச்சை முடிந்து மறுபடி அதே இடத்தில் பத்து மணி நேரம் நிற்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாற்காலி மருந்து மாதிரி தேவை.

5. எந்த முறை?

1890-ல் ஜெர்மனியின் டிரெண்டலன்பர்க் தொடையில் சிரையைக் கட்டிவிடும் அறுவையை எழுதினார். 1907-ல் அமெரிக்காவின் பாப்காக் சிரைக்குள் கம்பி நுழைத்து, முழுச் சிரையையும் உருவி எடுத்தார். அந்த உருவும் அறுவைதான் நூறு வருடம் ஓடியது. முதுகில் மயக்க ஊசி, தொடை இடுக்கில் வெட்டு, உள்தொடை முழுக்க ரத்தக் கன்றல், வாரக்கணக்கில் ஓய்வு. உங்கள் பாட்டியோ பெரியப்பாவோ சொல்லிப் பயமுறுத்தியது இதைத்தான். 1999-ல் ரேடியோ அலைவரிசை முறைக்கும் (சுருக்கமாக ஆர்எஃப்ஏ), 2002-ல் லேசருக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபின் நிலைமை மாறியது. சிரையை உருவி எடுப்பதற்குப் பதிலாக, உள்ளேயே சூடு கொடுத்துச் சுருக்கி மூடிவிடுகிறார்கள். உடல் அதை மெல்ல நாராக்கிக் கரைத்துவிடும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-லேயே சூட்டு முறையை முதல் தேர்வாகவும், அது முடியாதவர்களுக்கு ஃபோமையும் (சிரைக்குள் செலுத்தும் மருந்து நுரை), இரண்டும் முடியாவிட்டால் மட்டுமே வெட்டு அறுவையையும் வைத்தது.

லேசரா ஆர்எஃப்ஏவா என்று ரொம்ப அலச வேண்டாம். இரண்டிலும் ஒரு வருடத்துக்குப் பிறகு பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிரை மூடியே இருக்கும். ஆர்எஃப்ஏவில் குழாய் நுனியின் 7 செ.மீ. நீளப் பகுதி 120 டிகிரிக்குச் சூடாகி, 20 விநாடிக்கு ஒரு துண்டாகச் சிரையை மூடிக்கொண்டே வரும். லேசரில் ஒளி கடத்தும் இழையை மெல்ல இழுத்துக்கொண்டே வருவார்கள். பழைய 810, 980 நானோமீட்டர் லேசர்களைவிட 1470 நானோமீட்டர் லேசரும், நுனியைச் சுற்றி ஒளி பரப்பும் ரேடியல் இழையும் குறைவான வலியும் கன்றலும் தருகின்றன. இது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். உங்கள் மருத்துவர் எதை அதிகம் செய்கிறாரோ அதுவே உங்களுக்கு நல்லது.

குளூ முறையில் சூடு கிடையாது. சயனோஅக்ரிலேட் பசையைச் சிரைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு வெளியிலிருந்து அழுத்தி ஒட்டுகிறார்கள். தொடை நெடுக மரப்பு ஊசிகள் தேவையில்லை, முழங்காலுக்குக் கீழே நரம்பு சுடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் பசை உள்ளேயே தங்கிவிடும். சிலருக்குச் சிரை ஓடும் பாதை முழுக்கச் சிவந்து அரிக்கும் ஒவ்வாமை வருகிறது. செயற்கை நகம், இமை ஒட்டும் பசைக்கு அலர்ஜி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். செலவும் அதிகம்.

ஃபோம் என்பது மலிவானது, எளிமையானது, பல சமயம் தவிர்க்க முடியாதது. போலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் மருந்தை ஒரு பங்கும் காற்றை நாலு பங்கும் எடுத்து, மும்முனைத் திருகு இணைத்த இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால் ஷேவிங் கிரீம் போல நுரைக்கும். 2000-ல் இத்தாலியின் டெஸ்ஸாரி சொன்ன உத்தி இது. அந்த நுரையை ஸ்கேன் பார்த்தபடி சிரைக்குள் செலுத்துகிறார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிக்கு மேல் போகமாட்டார்கள். நெளிந்து போய் இழை நுழையாத கிளைகளுக்கும், புண்ணுக்கு அடியில் இருப்பவற்றுக்கும், மீண்டும் வந்தவற்றுக்கும் இதுதான் கை கொடுக்கும். பெரிய சஃபீனஸ் சிரைக்கு இதை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் 798 பேரை வைத்து நடந்த கிளாஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், லேசரோ அறுவையோ செய்துகொண்டவர்கள் ஃபோம் போட்டவர்களைவிட நலமாக இருந்தார்கள். இதயத்தின் இரு பக்கங்களுக்கு இடையே துளை இருப்பதாக ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள், பார்வை மங்கும் மைக்ரேன் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

6. முந்தின நாள் வேலைகள்

ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல சமயம் அதோடேயே செய்துவிடலாம். லிடோகெய்ன் அலர்ஜி உண்டா என்பதையும், முன்பு ரத்தக்கட்டி வந்திருக்கிறதா என்பதையும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். தளர்வான லுங்கி, நைட்டி, அரை டிராயர் மாதிரி ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். திரும்பும்போது கட்டுப்போட்ட காலில் ஜீன்ஸ் ஏறாது.

ஸ்டாக்கிங்ஸை முன்கூட்டியே அளவெடுத்து வாங்கிவிடுங்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். அதற்கு முன் பாதத் துடிப்பைப் பார்த்து, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த விகிதம் 0.8-க்குக் கீழே இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, கண்காணிப்போடு போட வேண்டும், 0.5-க்குக் கீழே என்றால் இறுக்கமாக எதையும் கட்டவே கூடாது. சர்க்கரை உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு இருந்தால் பாலிசியை ஒருமுறை படியுங்கள். பல தனியார் பாலிசிகளில் வெரிகோஸ் வெயினுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு உண்டு. ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைக்குப் பணம் தருகிறார்களா என்பதையும், டாப்ளர் அறிக்கையும் படங்களும் முன் அனுமதிக்கு வேண்டுமா என்பதையும் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் மருத்துவமனையின் திட்டக் கவுண்டரிலேயே விசாரித்துவிடலாம். தனியாரில் மதிப்பீடு கேட்கும்போது ஒரு காலுக்கா இரண்டுக்கா, இழையின் விலை சேர்ந்ததா, கிளைகளை எடுப்பதும் பின்னால் வரும் ஃபோமும் சேர்ந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். "பேக்கேஜ்" என்ற சொல்லுக்குள் இவை பல சமயம் இருக்காது.

7. அறைக்குள் என்ன நடக்கும்

முதலில் நிற்கவைத்து, தோல் மேல் மார்க்கர் பேனாவால் சிரைகளை வரைவார்கள். படுத்தபின் கிளைகள் அமுங்கிக் காணாமல் போய்விடும் என்பதால் இந்த வரைதல் முக்கியம். உங்களுக்குத் தெரிந்த முடிச்சு ஏதாவது விட்டுப்போனால் அப்போதே சொல்லுங்கள்.

மேஜையில் படுக்கவைத்து, கால் பக்கத்தைத் தாழ்த்துவார்கள், சிரை நிரம்பட்டும் என்று. முழங்காலுக்குப் பக்கத்தில் தோலை மரக்கவைத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பி, அதன் மேல் உறைக்குழாய், அதற்குள் லேசர் இழை அல்லது ஆர்எஃப்ஏ குழாய். ஒரு ஊசித்துளைதான். நுனியைத் தொடை இடுக்குச் சந்திப்புக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிறுத்துவார்கள். அதற்கு மேலே போனால் ஆழச் சிரைக்குச் சூடு போகும், ரொம்பக் கீழே நின்றால் மேலே ஒரு முளை மிச்சமிருந்து மீண்டும் வரும். திரையைப் பார்த்து இதை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள்.

அடுத்ததுதான் கொஞ்சம் பொறுமை வேண்டிய கட்டம். குளிர்ந்த உப்புநீரில் லிடோகெய்ன், அட்ரினலின், பைகார்பனேட் கலந்து, சிரையைச் சுற்றித் தொடை நெடுக ஊசிகளால் செலுத்துவார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987-ல் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக வெளியிட்ட முறை இங்கே வந்து சேர்ந்தது. திரையில் குறுக்குவாட்டில் பார்த்தால் சிரையின் மேலும் கீழும் இரண்டு வெள்ளைச் சவ்வுகள் கண் இமைகள் மாதிரி தெரியும், நடுவில் சிரை கருவிழி. அதனால் எகிப்தியக் கண் என்பார்கள். அந்த இரண்டு இமைகளுக்குள் மருந்துநீர் விரிந்து, சிரை இழையின் மேல் ஒட்டிச் சுருங்குவதைப் பார்க்கலாம். வலியை மரக்கவைப்பது ஒன்று. அதற்கு மேல், சூடு சுற்றியுள்ள நரம்புக்கும் தோலுக்கும் போகாமல் தடுப்பதும் இந்த நீர்தான். ஒவ்வொரு குத்தும் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், உள்ளே சில்லென்று ஏறும். இது முடிந்தால் கஷ்டம் முடிந்தது.

பிறகு தலையைத் தாழ்த்திச் சிரையைக் காலியாக்கி, எல்லோரும் லேசர் கண்ணாடி போட்டுக்கொண்டு தொடங்குவார்கள். சூடு கொடுக்கும்போது வலிக்கக் கூடாது. எங்காவது சுரீர் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், சொல்லுங்கள், அங்கே இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். சிலருக்கு லேசரின்போது கருகிய வாசம் வரும், பயப்பட வேண்டாம். சிரை மூடுவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

கெண்டைக்கால் முடிச்சுகள் பெரிதாக இருந்தால் அதே நேரத்தில் 2 மி.மீ. அளவு கீறல்கள் போட்டு, சிறு கொக்கியால் சிரையை வெளியே இழுத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். சுவிட்சர்லாந்தின் ராபர்ட் முல்லர் 1956-ல் தொடங்கிய உத்தி. தையல் கிடையாது, ஒட்டுப்பட்டை போதும். முடிச்சுகள் சிறிதாக இருந்தால் விட்டுவைத்து, மேலே மூடியபின் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துவிட்டு ஃபோம் போடலாம்.

மொத்தம் ஒரு மணி நேரம். மேஜையிலிருந்து இறங்கியதும் நடக்கச் சொல்வார்கள். அரை மணி நேரமாவது நடந்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

8. முதல் இரண்டு வாரம்

நடங்கள். தினமும் சில தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடமாவது. "ஆபரேஷன் ஆன கால், ஆடாமப் படு" என்று வீட்டில் பாசத்தோடு கட்டிலில் போட்டுவிடுவார்கள். அந்தப் பாசத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். அசையாமல் கிடப்பதுதான் ரத்தக்கட்டிக்கு வழி. அசையாமல் நிற்பதும் வேண்டாம். உட்காரும்போது கால் மேலே இருக்கட்டும்.

ஸ்டாக்கிங்ஸ் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம். நம் வெயிலில் கசகசக்கும், விரல் திறந்த மாடல் கொஞ்சம் தேவலை. குனிந்து இழுக்க முடியாத பெரியவர்களுக்கு வெல்க்ரோ ஒட்டும் உறைகள் கிடைக்கின்றன. அலமாரியில் தூங்கும் விலை உயர்ந்த ஸ்டாக்கிங்ஸைவிட, தினமும் ஒட்டிக்கொள்ளும் உறை மேல்.

நாலைந்து நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது, உள்தொடையில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியது போலப் பிடிக்கும். காலை நீட்டினால் சுருக்கென்று இழுக்கும். பத்து நாள்வரை இப்படி இருக்கலாம். மூடிய சிரை சுருங்குகிறது என்று அர்த்தம். வலி மாத்திரை, நடை, நேரம் இவற்றிலேயே போய்விடும். முழங்காலுக்குக் கீழே சிறு மரமரப்பு சிலருக்கு வரும், பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். ஃபோம் போட்ட இடத்தில் கட்டியாக ரத்தம் தங்கினால் ஊசியால் வெளியேற்றலாம். பழுப்புக் கறை மறைய மாதங்கள் ஆகும்.

ஒரு வாரத்துக்குள் சரிபார்ப்பு ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள். மூடிய சிரையிலிருந்து கட்டி நீண்டு ஆழச் சிரைக்குள் எட்டிப்பார்க்கிறதா என்பதைத்தான் தேடுகிறோம். இது அரிது, ஆனால் பிடித்துவிட்டால் மாத்திரையிலேயே சரியாகும். "வலியே இல்லை, எதுக்கு ஸ்கேன்?" என்று வராமல் இருந்துவிடாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆபீஸ் வேலைக்கு இரண்டு மூன்று நாளில் போகலாம். நின்று பார்க்கும் வேலை, பாரம் தூக்கும் வேலை என்றால் ஒன்றிரண்டு வாரம். நீண்ட விமானப் பயணத்தை சில வாரம் தள்ளிவையுங்கள்.

9. ஆறாத புண் உள்ளவர்களுக்கு

இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது, வருத்தமும் வருகிறது. பல வருடங்களாக ஒரே புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் அறைக்கு வந்தார். ஆன்டிபயாடிக் எழுதித் தந்திருக்கிறார்கள், களிம்பு மாற்றியிருக்கிறார்கள், சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அவரை நிற்கவைத்து டாப்ளர் எடுக்கவில்லை. புரோபை வைத்த நிமிடத்தில் கசிவு தெரிந்தது. இப்படி வருபவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

சிரைப் புண் பெரும்பாலும் உள் கணுக்காலுக்குச் சற்று மேலே, கறுத்த தோலுக்கு நடுவே, ஆழமில்லாமல் பரந்து, நீர் வடிந்துகொண்டிருக்கும். அதற்கு அடிப்படை வைத்தியம் பல அடுக்கு அழுத்தக் கட்டு. கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும், பழகிய கை கட்ட வேண்டும். தமனி ஓட்டத்தைச் சோதித்த பிறகுதான். அதோடு நிற்காமல் கசியும் சிரையையும் மூட வேண்டும். 2004-ல் வெளியான எஸ்கார் ஆய்வில், கட்டோடு சேர்த்து மேல்சிரை அறுவையும் செய்தவர்களில் ஒரு வருடத்தில் 12 சதவீதம் பேருக்குத்தான் புண் மீண்டும் வந்தது. கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம்.

புண் ஆறட்டும், பிறகு லேசர் செய்யலாம் என்று சொன்னால் 2018-ல் வெளியான எவ்ரா ஆய்வைப் பற்றிக் கேளுங்கள். பிரிட்டனில் 450 பேர். புண் இருக்கும்போதே சீக்கிரமாகச் சிரையை மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளுக்குள் ஆறியது, தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது. புண் இருப்பது சிகிச்சைக்குத் தடை இல்லை. ஊசித்துளை புண்ணுக்கு மேலே, நல்ல தோலில்தான் போடப்படுகிறது. வருடக்கணக்கில் ஆறாத, ஓரம் தடித்து மேடாகும் புண்ணில் மட்டும் ஒரு சிறு சதைத்துண்டு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

10. மறுபடியும் வந்தால்

வரலாம். மூடிய சிரை சிலருக்குத் திறந்துகொள்ளும். அதைவிட அதிகமாக, வேறொரு சிரை புதிதாகக் கெடும். வால்வு பலவீனம் பரம்பரையாகவும் வருவதுதான். ஒரு சிரையை மூடியதால் மற்றவை வலுப்பெற்றுவிடாது. முன்பு செய்தவர் தப்பாகச் செய்துவிட்டார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், மறுபடி நிற்கவைத்து ஒரு டாப்ளர் எடுங்கள். முதல் ஸ்கேன் படங்களையும் அறிக்கையையும் பத்திரமாக வைத்திருந்தால் எது பழையது, எது புதியது என்று சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இந்த முறை லேசர் அறைக்கே போக வேண்டியிருக்காது. வெளிநோயாளியாக வந்து, ஸ்கேன் பார்த்தபடி ஒன்றிரண்டு ஃபோம் ஊசி போட்டுக்கொண்டு, அன்றைக்கே வேலைக்குத் திரும்பிவிடலாம்.